பத்தே நிமிஷ டோனட்

அந்த ஐந்து மாடிக் கடையில் வேலை செய்கிற நூற்றுச் சொச்சம் பேரில் ஒருவருக்குக்கூட அவளுடைய சொந்தப் பெயர் தெரியாது. சம்பளச் சீட்டில் அச்சடித்திருக்கும், அதோடு சரி. வாசல் காவலாளியிடம் போய் 'டோனட்டக்கா' என்று கேட்டுப் பாருங்கள், 'மூணாவது மாடி, லிஃப்டை விட்டு எறங்குனா வாசனையே கூட்டிட்டுப் போயிடும்' என்பார். மூன்றாவது மாடி முழுக்கச் சமையலறைச் சாமான்கள். மிக்ஸியும் அடுப்பும் குக்கரும் வரிசையாக வாயை மூடிக்கொண்டு நிற்கும். நடுத் தூணை ஒட்டிப் போட்ட மேஜை மட்டும் காலை பத்து மணிக்குப் பேச ஆரம்பித்தால் சாயங்காலம் ஏழரை வரை ஓயாது. மேஜை எங்கே பேசுகிறது, பேசுகிறவள் இவள்தான்.

"வாங்கம்மா, வாங்க சார், சும்மா பாருங்க, வாங்கணும்னு இல்ல. எண்ணெய்ச் சட்டி வேணாம், தெறிக்காது, வீடு பூரா பொகையாது. மாவை வட்டமா வெட்டுங்க, ஏர் ஃப்ரையர்ல வைங்க, பட்டனை அமுக்குங்க. பத்தே நிமிஷம். வீட்டு டோனட்டு!"

இதை ஒரு நாளைக்கு இருநூறு தடவை சொல்வாள். ஏழு வருஷமாகச் சொல்கிறாள். முதல் தடவை சொன்னபோது இருந்த அதே சிரிப்பு இருநூறாவது தடவையும் இருக்க வேண்டும் என்பது மேனேஜரின் கட்டளை. அந்த மேனேஜர் இவளைவிடப் பத்து வயது சின்னவர். எப்போதும் சிரித்துக்கொண்டே இருப்பார், லீவு இல்லை என்பதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அவருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் சிரிச்சமுகம்.

அந்தப் பத்தே நிமிஷத்தின் குட்டு என்னவென்று உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். மேஜைமேல் ஒரு கிண்ணம் இருக்கும். கூட்டம் சேர்ந்ததும் அதில் மைதா, சர்க்கரை, ஈஸ்ட், வெதுவெதுப்பான பால், ஒரு முட்டை, உருக்கிய வெண்ணெய் என்று போட்டு ஜோராகப் பிசைவாள். 'கொஞ்ச நேரம் மூடி வைங்க' என்று துணியைப் போட்டு அதை மேஜைக்கு அடியில் தள்ளுவாள். அதே கை, அதே துணி போட்ட இன்னொரு கிண்ணத்தை மேலே எடுத்து வைக்கும். அதில் மாவு பொங்கி வழிய நிற்கும். கூட்டம் 'ஆ' என்று வாயைப் பிளக்கும். அந்த இரண்டாவது கிண்ணத்து மாவை விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து வீட்டில் பிசைந்து, பஸ்ஸில் மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்திருப்பாள். மேஜையில் நிற்கும்போது 'மணி நேரம்' என்ற வார்த்தை வாயில் வரவே கூடாது என்று சிரிச்சமுகம் சொல்லியிருந்தார். 'நிமிஷம்' வரலாம். 'கொஞ்ச நேரம்' வரலாம். மாவு பொங்க ஒன்றரை மணி நேரம் ஆகும் என்பது அவளுக்கும் ஈஸ்டுக்கும் இடையிலான ரகசியம்.

சரி, இதெல்லாம் பிழைப்பு. ஊர் உலகத்தில் யார் சொல்லாத பொய்யை அவள் சொல்லிவிட்டாள்? அவளை அரித்தது பொய் இல்லை, கால்.

ஒன்பதரை மணி நேரம், சாப்பாட்டுக்கு அரை மணி போக, நின்றபடி. மாடியில் நாலு ஸ்டூல் இருக்கிறது, நாலும் கஸ்டமருக்கு. ஊழியர் யாராவது அதில் இடுப்பை இறக்கினால் மேலே இருக்கிற கேமரா பார்த்துக்கொள்ளும், சிரித்துக்கொண்டே மெமோ வரும். முதல் இரண்டு வருஷம் தூணில் சாய்ந்து சமாளித்தாள். பிறகு தூணைச் சுற்றிக் கண்ணாடி ஒட்டிவிட்டார்கள், சாய்ந்தால் முதுகின் தடம் விழுகிறதாம். முழங்காலுக்குக் கீழே நரம்பு ஊதாவாக முறுக்கிக்கொண்டு புடைத்தது. ராத்திரி படுத்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து உயிர் போகும்.

டாக்டர் பெண்மணி அவள் காலை அமுக்கிப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "இன்னும் ஒரு வருஷம் இப்படியே நின்னீங்கன்னா இங்க தோல் கறுத்துப் புண்ணு வரும். வந்தா லேசுல ஆறாது. உக்காந்து பாக்கற வேலை எதுக்காவது மாறிக்கங்க."

வீட்டில் வந்து சொன்னாள். கணவன் பெயின்ட் கடையில் நிறம் கலக்கிற ஆள், நல்ல மனுஷன், ஆனால் எதையும் குழாயை மூடுகிற மாதிரி சுலபமாகச் சொல்லிவிடுவான். "அப்ப விட்டுடு வேலையை."

"விட்டுட்டு? உங்க ஒரு சம்பளத்துல வாடகை குடுத்து, இவளை ஒம்பதாவது படிக்க வைக்கப் போறீங்களா?"

"சும்மா சொன்னேன்."

"சும்மாதான் சொல்வீங்க. தெரியுமே."

மகள் பாடப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, "அம்மா, சிரிச்சமுகம் கால்ல நிக்காம தலைகீழா நின்னு டோனட் பண்ணச் சொன்னா என்ன பண்ணுவ?" என்றாள். மூன்று பேரும் சிரித்தார்கள். அவள் சிரித்துக்கொண்டே காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டாள். மனசுக்குள் ஒரு நாற்காலிதான் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த நாற்காலி கடையின் பின்பக்கம், சாமான் லிஃப்டுக்குப் பக்கத்தில் உள்ள சர்வீஸ் ரூமில் இருந்தது. ரூம் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள், கதவைத் திறந்தால் எதிர்ச்சுவர் மூக்கில் இடிக்கும். ஒரு பெஞ்சு, சால்டரிங் கம்பி, திறந்து கிடக்கிற மெஷின்கள், சுழல்கிற நாற்காலி ஒன்று. அதில் உட்கார்ந்திருக்கிற மெக்கானிக் அண்ணனை எல்லோரும் ஸ்க்ரூ என்பார்கள். காதில் எப்போதும் ஒரு ஸ்க்ரூவைச் செருகி வைத்திருப்பார், பென்சில் வைக்கிற இடத்தில்.

ஆறு வருஷமாகச் சாப்பாட்டு அரை மணியை அவள் அங்கேதான் கழிக்கிறாள். அவர் எழுந்து பெஞ்சில் உட்கார்ந்து நாற்காலியை அவளுக்குக் கொடுத்துவிடுவார். ஒரு கையில் சாப்பாடு, இன்னொரு கையில் ஸ்க்ரூ டிரைவர் என்று அவளும் மெஷின்களைக் குடைந்து குடைந்து எல்லாம் தெரிந்துகொண்டாள். ஏர் ஃப்ரையர்தான் அதிகம் வரும். பத்து வந்தால் ஆறு, பேப்பர் எரிந்தது: டோனட் ஒட்டக்கூடாது என்று பேக்கிங் பேப்பரை வெறுமனே உள்ளே போட்டு மெஷினைச் சூடேற்றுவார்கள், மேலே மாவின் கனம் இல்லாத பேப்பர் காற்றில் பறந்து கம்பிச்சுருளில் ஒட்டிக் கருகும். இரண்டு, கூடையைக் கடைசி வரை தள்ளாமல் 'ஆன் ஆகலை' என்று வந்தது. ஒன்று, சர்க்கரைப் பாகை வேகுமுன்பே ஊற்றி அடியில் கரியாக்கியது. பத்தாவதுதான் நிஜமான ரிப்பேர்.

"தங்கச்சி, நான் மூணு மாசத்துல வேலையை விடறேன்," என்றார் ஸ்க்ரூ அண்ணன் ஒரு நாள். "மக வீட்டோட போய் இருக்கப் போறேன். இந்த நாற்காலி உனக்குத்தான் பொருத்தம். மேனேஜர்கிட்ட நான் சொல்றேன், நீயும் போய்க் கேளு."

அன்றைக்கே கேட்டாள். டாக்டர் சொன்னதையும் சொன்னாள், காலைக்கூடக் காட்டினாள். சிரிச்சமுகம் காலைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்தே சிரித்தார்.

"அக்கா, உங்களுக்கு அந்த வேலை தெரியும்னு எனக்குத் தெரியும். ஆனா மாசம் நாப்பது மெஷின் உங்க மேஜைல போகுது. அதை எப்படிக்கா நான் விடுவேன்? இருபதுக்குக் கீழ எறங்கட்டும், மேஜையையே எடுத்துட்டு உங்களை அங்க உக்கார வெச்சுடறேன். சத்தியமா."

இதற்குப் பெயர் சத்தியமாம். நன்றாக வேலை செய்தாயா, நில். நன்றாக வேலை செய்யாவிட்டால் உட்காரலாம். இப்படி ஒரு நியாயத்தை எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்களோ!

பஸ்ஸில் வரும்போது யோசித்தாள். அப்படியா சேதி, இருபதுக்குக் கீழே இறங்க வேண்டும், அவ்வளவுதானே? மாவைக் கெடுத்தால் தீர்ந்தது. கல் மாதிரி நாலு டோனட் கொடுத்தால் எவள் மெஷின் வாங்குவாள்?

மறுநாள் விடிகாலை பாலைக் கொதிக்க வைத்தாள். கொதிக்கிற பாலை ஈஸ்ட் மேல் ஊற்றினால் ஈஸ்ட் செத்துவிடும், மாவு பொங்காது, கதை முடிந்தது. பாத்திரத்தைத் தூக்கியும்விட்டாள். ஊற்ற வேண்டிய கை, ஒரு சொட்டை மணிக்கட்டில் விட்டுச் சூடு பார்த்தது. ஏழு வருஷப் பழக்கம். சுரீர் என்றது. பாத்திரத்தைக் கீழே வைத்தாள். இரண்டாம் தடவை தூக்கினாள், கை திரும்பவும் மணிக்கட்டுக்கே போனது. 'சீ, இதுகூட உன்னால முடியல' என்று தன்னையே திட்டிக்கொண்டு, பால் ஆறும்வரை காத்திருந்து, வழக்கம்போலப் பஞ்சு மாதிரி மாவு பிசைந்து எடுத்துக்கொண்டு போனாள்.

கை கேட்கவில்லை என்றால் வாய் இருக்கிறதே. பொய் சொல்லித்தானே விற்கிறது? நிஜத்தைச் சொல்லிவிட்டால்?

அன்றைக்கு முதலில் வந்தவள் கையில் இரண்டு பையோடு ஒரு அம்மாள், பின்னால் மூன்று பையோடு அவள் கணவர். அம்மாள் டோனட் துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "நெஜமாவே பத்து நிமிஷமா?" என்றாள்.

"இல்லைங்க," என்றாள் டோனட்டக்கா.

பக்கத்து மிக்ஸி பிரிவில் நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள்.

"மாவு பொங்க ஒன்றரை மணி நேரம் ஆகும். வட்டம் வெட்டி வெச்சப்புறம் இன்னொரு அரை மணி நேரம். நீங்க பாத்த கிண்ணம் வேற, இது வேற." குனிந்து அடியிலிருந்த கிண்ணத்தை எடுத்து மேஜைமேல் பொத்தென்று வைத்தாள். "இதோ, இதுதான் நான் இப்ப பிசைஞ்சது. அப்படியே கெடக்கு பாருங்க. ஒரு தடவைக்கு நாலுக்கு மேல வேகாது, நெருக்கி வெச்சா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். எடுத்த உடனே வெண்ணெய் தடவலைன்னா காஞ்ச பன்னு மாதிரிதான் இருக்கும். எண்ணெய்ல பொரிச்ச ருசியும் வராது, அது வேற ருசி, இது வேற ருசி. பேப்பரைச் சும்மா உள்ள போட்டுச் சூடு பண்ணாதீங்க, எரிஞ்சுடும். மேல மாவை வெச்சுத்தான் பேப்பரை உள்ள வைக்கணும்."

சொல்லி முடித்து மூச்சு வாங்கினாள். ஏழு வருஷமாக நெஞ்சில் அடைத்துக் கிடந்தது ஒரே மூச்சில் கொட்டிவிட்டது. அப்பாடா, இனி இவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டுவார்கள் என்று நினைத்தாள்.

அம்மாள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டீங்களா? காலையிலேர்ந்து எத்தனை கடை ஏறி எறங்குனோம், ஒருத்தராவது இப்படிச் சொன்னாங்களா? இங்கயே வாங்கிடலாம்." பிறகு இவளிடம், "உன்னை நம்பித்தான்மா வாங்கறேன். ரெண்டு போடச் சொல்லு, எங்க நாத்தனாருக்கும் ஒண்ணு."

டோனட்டக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. 'உன் நாத்தனாரை யாரு கேட்டா?' என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

சும்மா சொல்லக்கூடாது, அவள் விடவில்லை. அடுத்தவருக்கும் சொன்னாள், அதற்கடுத்தவருக்கும் சொன்னாள். கூடையைக் 'கிளிக்'கென்று சத்தம் வரும்வரை தள்ளச் சொன்னாள். பாகை வெந்தபிறகு ஊற்றச் சொன்னாள். 'உங்க வீட்டுல ஆறு பேருன்னா இது பத்தாது, வாங்காதீங்க' என்றுகூடச் சொன்னாள். ஆறு பேர் வீட்டார் அதைவிடப் பெரிய மெஷினை வாங்கிக்கொண்டு போனார்கள்! மூன்றாவது மாடியில் உண்மை பேசுகிற ஒரு அக்கா இருக்கிறாளாம் என்று பேச்சு பரவி, லிஃப்டில் வருகிறவர்கள் நேராக அவளிடமே வந்தார்கள். அந்த மாசம் ஐம்பத்தெட்டு போனது.

சிரிச்சமுகம் முதலில் பதறிக்கொண்டு ஓடிவந்தார். பில்லைப் பார்த்ததும் பதற்றம் பறந்துவிட்டது. "என்ன டெக்னிக்குக்கா இது?"

"டெக்னிக் இல்ல சார். நெஜம்."

"பிரமாதம்! இதையே வெச்சுக்கங்க."

அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. "சார், இருபதுக்குக் கீழ எறங்காது போலருக்கு. எறங்கினாத்தான் சீட்டுன்னா நான் இங்கயே நின்னு சாக வேண்டியதுதான். நீங்களே சொல்லுங்க, என்ன பண்ணட்டும்?"

எந்தப் புண்ணியமோ, அன்றைக்கு அவர் மனசு இளகியது. விற்பனை தந்த குஷியாகவும் இருக்கலாம். "சரிக்கா. மிக்ஸிப் பொண்ணுக்கு உங்க வேலையை அப்படியே பழக்கி விடுங்க. அண்ணன் போற அன்னிக்கு நீங்க அங்க போயிடலாம். போதுமா?"

வயிற்றில் பால் வார்த்தது மாதிரி இருந்தது அவளுக்கு. மிக்ஸிப் பெண் சூட்டிகையான பெண். பாலின் சூட்டை மணிக்கட்டில் பார்க்கவும், திருப்பும்போது வட்டம் குலையாமல் கரண்டியைச் சாய்க்கவும், வெண்ணெய் தடவிய சூட்டோடு பட்டைப் பொடி கலந்த சர்க்கரையில் புரட்டவும் ஒரு மாசத்தில் கற்றுக்கொண்டாள். முக்கியமாக, பொய் சொல்லாமல் இருக்கவும் கற்றுக்கொண்டாள். டோனட்டக்கா வீட்டில் ஒரு பழைய தலையணையைப் பிரித்து அந்தச் சுழல் நாற்காலியின் அளவுக்கு மெத்தை தைத்தாள். கணவன் காலண்டரில் அந்தத் தேதியைப் பச்சை மையால் வட்டம் போட்டான். பெயின்ட் கடைக்காரனுக்கு நிறத்துக்கா பஞ்சம்?

சாப்பாட்டு நேரத்தில் இப்போதெல்லாம் சர்வீஸ் ரூமில் பெஞ்சு மெஷின் எதுவும் இல்லாமல் காலியாகவே கிடந்தது. ஸ்க்ரூ அண்ணன் காலை நீட்டி உட்கார்ந்து கொட்டாவி விட்டார்.

"தங்கச்சி, உன் புண்ணியத்துல நான் ராஜா மாதிரி இருக்கேன். போன வாரம் பூரா ரெண்டே மெஷின். பேப்பர் எரிஞ்சதுன்னு ஒண்ணு வந்து எவ்வளவு நாளாச்சு தெரியுமா?"

"அப்ப நான் வந்தா வேலையே இருக்காதுன்னு சொல்லுங்க," என்று அவள் சிரித்தாள். அதைச் சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பாவி மகளே, அந்தச் சிரிப்பை அப்போதே நிறுத்தியிருக்க வேண்டாமா?

அண்ணன் போகிற நாள் வந்தது. மெத்தையைத் துணிப்பையில் போட்டு எடுத்துப் போனாள். மாவுக் கிண்ணத்தை அன்றைக்கு மிக்ஸிப் பெண்தான் கொண்டுவந்திருந்தாள். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக இவள் மடியில் கிண்ணம் இல்லாமல் பஸ்ஸில் வந்தாள். நேராகப் பின்பக்கம் போனாள். ரூம் கதவு திறந்திருந்தது. உள்ளே பெஞ்சு இல்லை, நாற்காலி இல்லை. இரண்டு ஆட்கள் ஏர் ஃப்ரையர் அட்டைப் பெட்டிகளைக் கூரைவரை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஸ்க்ரூ அண்ணன் பையோடு வெளியே நின்றார், அவள் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை.

சிரிச்சமுகம் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார். "அக்கா, உங்களைப் பத்தித்தான் ஹெட் ஆபீஸ்ல ஒரே பேச்சு. எல்லாக் கிளைலயும் பேப்பர் எரிஞ்சு பொகையுது, நம்ம கிளைல மட்டும் கம்ப்ளெய்ன்ட்டே இல்ல! ஏன்? யாரு விக்கும்போதே எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துடறாங்க? அதனால இங்க சர்வீஸ் ரூமே தேவையில்லைன்னு எடுத்துட்டாங்க. வர்ற ஒண்ணு ரெண்டை மெயின் ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பிக்கலாம். ஸ்டாக் வைக்கத்தான் எடம் இல்லாம தவிச்சோம், இப்ப அதுவும் ஆச்சு."

"என் சீட்டு சார்?"

"எந்தச் சீட்டு?" என்றார். நிஜமாகவே மறந்திருந்தார், நடிப்பு இல்லை. பிறகு நினைவு வந்து மூக்கைச் சொறிந்தார். "அட, ஆமால்ல. ரூமே இல்லையேக்கா. நான் என்ன பண்ண முடியும், சொல்லுங்க? மிக்ஸிப் பொண்ணுக்குத் தனியா இன்னொரு மேஜை போடப் போறோம். நீங்க ரெண்டு பேரும் ரெண்டு பக்கம் நின்னா மாசம் நூறு அடிக்கலாம்."

தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறாள், அதுவும் வாய் நிறைய உண்மையைச் சொல்லி. ஊரில் இத்தனை பேருடைய பேப்பர் எரியாமல் காப்பாற்றி, தன் நாற்காலியை எரித்துக்கொண்டாள். மெத்தைப் பையை மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு நின்றாள். கெண்டைக்கால் காலையிலேயே இழுக்க ஆரம்பித்தது.

நின்றபடியே ஒரு முடிவுக்கு வந்தாள். போதும் இந்த உண்மை. இனி பழையபடி பத்தே நிமிஷம்தான். போய்ப் பேப்பரை எரிக்கட்டும், பாகைக் கருக்கட்டும், கூடையைப் பாதியில் விட்டுவிட்டு ஆன் ஆகலை என்று தூக்கிக்கொண்டு வரட்டும். நூறு மெஷின் வந்து குவிந்தால் ரூம் தானாகத் திறக்கும். இவர்களுக்காகப் பார்த்துப் பார்த்து அவளுக்கு என்ன ஆயிற்று?

பதினோரு மணிக்கு முதல் ஆள் வந்தாள். ஏதோ மருந்துக் கடைச் சீருடை, நெஞ்சில் பெயர் அட்டை, இருபத்தைந்து வயது இருக்கும். ஒரு காலில் நிற்பாள், மாற்றி மறு காலில் நிற்பாள். டோனட்டக்கா இருநூறு தடவைச் சிரிப்பை வரவழைத்துக்கொண்டாள்.

"பத்தே நிமிஷம்மா. ரொம்ப ஈஸி."

"அப்படியாக்கா? போட்டுட்டு நான் பாட்டுக்குப் போய் உக்காந்துக்கலாம்ல? நாள் பூரா கடைல நின்னுட்டு வந்து, வீட்டுலயும் அடுப்பு முன்னாடி நிக்க முடியல. அதான் இதை வாங்கலாம்னு பாத்தேன். என் பொண்ணு டோனட்டு டோனட்டுன்னு உயிரை எடுக்கறா."

'ஆமா' என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதை நாக்கின் நுனியில் வைத்துக்கொண்டு டோனட்டக்கா அந்தப் பெண்ணின் கால்களைப் பார்த்தாள். செருப்பின் வாருக்கு மேலே பாதம் வீங்கியிருந்தது. இன்னும் நரம்பு புடைக்கவில்லை, இரண்டு மூன்று வருஷம் ஆகும்.

"உக்கார முடியாதும்மா," என்றாள். "மாவுக்கே ரெண்டு மணி நேரம். வேகும்போது நாலு நிமிஷத்துல திருப்பணும். எடுத்த உடனே வெண்ணெய் தடவணும், அதுக்குள்ள அடுத்த நாலை வைக்கணும். பன்னெண்டு செஞ்சு முடிக்கற வரைக்கும் அங்கயே நின்னுட்டுத்தான் இருக்கணும். அப்புறம், பேப்பரைச் சும்மா உள்ள போடாத, எரிஞ்சுடும்."

சொல்லும்போதே கண்ணில் நீர் முட்டியது. துடைக்கவில்லை, கையெல்லாம் மாவு.

அந்தப் பெண் மெஷினைப் பார்த்தாள், விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தாள், காலை மாற்றி நின்றாள்.

"பரவால்லக்கா," என்றாள். "நிக்கறது நமக்கென்ன புதுசா? ஒண்ணு பில் போடச் சொல்லுங்க."